கம்பம் பிடுங்கிய ஆட்டம்: டாஸ்மேனியா, 1967

1967ஆம் ஆண்டு செப்டம்பர் 30, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் தெற்கே கடலுக்கு அப்பால் கிடக்கும் தீவு மாநிலமான டாஸ்மேனியா. அதன் வடமேற்குக் கரையில் பர்னி என்ற துறைமுக ஊர். அங்கே, கடலை ஒட்டிய வெஸ்ட் பார்க் மைதானத்தில், மாநில சாம்பியன் பட்டத்துக்கான இறுதியாட்டம் முடிந்ததை அறிவிக்கும் சங்கு ஊதிவிட்டது. வின்யார்டு அணி ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. ஆனால் பந்து, எதிரணியான வடக்கு ஹோபர்ட்டின் முன்னணி ஆட்டக்காரர் டிக்கி காலின்ஸின் கையில் இருக்கிறது. சங்கு ஊதுவதற்கு முன் அவர் அதை முறைப்படி பிடித்துவிட்டார். எனவே அந்த ஓர் உதை அவருக்கு உண்டு. கம்பங்கள் நேர் எதிரே, அதிக தூரத்தில் இல்லை.

அந்த உதை நிகழவில்லை. வின்யார்டின் ஆதரவாளர்கள் மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பங்களைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் வரலாற்றில் இதைக் 'கோல்கம்ப இறுதியாட்டம்' என்று குறிப்பிடுகிறார்கள். அங்குள்ளவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு இதை முதலில் சொன்ன மெல்போர்ன் நண்பரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மல்லாங்கிணற்றில், ஒரு பொங்கல் இரவில், நான் பார்த்த கபடி இறுதியாட்டம் ஒன்று நினைவில் எழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சற்று விளக்கியாகவேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் இதைத் தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றும்போது ஒருகணம் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்போம்.

கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே நீள்வட்ட மைதானத்தில் குளிர்காலத்தில் ஆடப்படுவது இது. அணிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. உதைக்கப்பட்டு வரும் பந்தைத் தரையில் விழுமுன் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவரை யாரும் தொடமுடியாது, நின்று நிதானமாக உதைக்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. அதற்குள் ஆட்ட நேரம் முடிந்தாலும் அந்த உரிமை போவதில்லை.

இலக்கு என்பது நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரு நெடிய கம்பங்களுக்கிடையே பந்து சென்றால் கோல், ஆறு புள்ளி. அவற்றின் வெளிப்புறம் நிற்கும் குட்டைக் கம்பங்களுக்குள் சென்றால் 'பிஹைண்ட்', ஒரு புள்ளி. குறி தவறியதற்கும் ஒரு புள்ளி தருகிற ஆட்டம் உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை; எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான். நாம் அறிந்த கால்பந்தில் கோலுக்கு மேலே ஒரு சட்டம் இருக்கும், பின்னால் வலை இருக்கும். இங்கே இரண்டும் கிடையாது. கோல் என்பது இரண்டு கழிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் மட்டுமே. கழிகளை எடுத்துவிட்டால் எஞ்சுவது வானம்.

ஆக, காலின்ஸின் முன் மூன்று வாய்ப்புகள் இருந்தன. நடுவே உதைத்தால் ஆறு புள்ளி, வடக்கு ஹோபர்ட் வெல்லும். சற்றுப் பிசகினால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். முற்றிலும் பிசகினால் மட்டுமே வின்யார்டுக்கு வெற்றி. கூட்டத்துக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

*

இந்த ஆட்டத்தின் பிறப்பு பற்றியும் ஓரிரு வரிகள். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படித்துத் திரும்பிய டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்டர்களின் உடம்பு இளகாமல் இருக்க ஒரு கால்பந்துச் சங்கம் வேண்டும் என்று 1858 ஜூலையில் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மே 17 அன்று மெல்போர்ன் சங்கத்தார் அமர்ந்து பத்து விதிகளை எழுதினார்கள். உலகின் பல கால்பந்து வகைகளுக்கு முன்னரே எழுத்தில் வந்துவிட்ட விதிகள் இவை. அந்நிலத்தின் தொல்குடிகள் ஆடிய மார்ன்க்ரூக் என்னும் பந்தாட்டம் வில்ஸிடம் எவ்வளவு செல்வாக்குச் செலுத்தியது என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. நாம் அதற்குள் போகவேண்டாம்.

'கிராண்ட் ஃபைனல்' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே பருவ முடிவில் முன்னணி அணிகள் ஆடும் ஆட்டங்கள் எல்லாமே 'ஃபைனல்'கள்தான். அவற்றில் கடைசியானது, எல்லாவற்றையும் தீர்த்துவைப்பது, கிராண்ட் ஃபைனல். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் தேசிய லீகின் ஆட்டமே நினைவுக்கு வருகிறது. ஆனால் தேசிய லீக் என்பதே மிகப் பிந்தையது. விக்டோரிய மாநிலத்தின் லீக், 1980களில் வேற்று மாநில அணிகளைச் சேர்த்துக்கொண்டு, 1990இல்தான் ஆஸ்திரேலிய லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய நூறாண்டுக் காலம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதனதன் இறுதியாட்டமே உச்சம். 1965இல் அடிலெய்டில் போர்ட் அடிலெய்டும் ஸ்டர்ட்டும் மோதிய தென் ஆஸ்திரேலிய இறுதியாட்டத்துக்கு 62,543 பேர் வந்தார்கள். 1970இல் மெல்போர்னில் கார்ல்டனும் காலிங்வுட்டும் ஆடியதைப் பார்க்க 1,21,696 பேர். ஒரு மாநில லீகின் ஆட்டத்துக்கு!

டாஸ்மேனியா இவற்றோடு எண்ணத்தக்க அளவுடையதல்ல. 1967இல் முழுத் தீவின் மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு தீவுக்குள்ளேயே மூன்று நாடுகள் இருந்தன என்று சொல்லலாம். தெற்கே தலைநகர் ஹோபர்ட். வடக்கே லான்செஸ்டன். வடமேற்குக் கரையில் டெவன்போர்ட், பர்னி, வின்யார்டு போன்ற ஊர்களின் சரடு. மூன்றுக்கும் தனித்தனி நாளிதழ், தனித்தனி லீக். ஹோபர்ட் லீகின் பெயரில் 'டாஸ்மேனியா' இருந்தது. ஆடிய அணிகளோ ஹோபர்ட்டும் அதன் சுற்றுப்புறமும். போதாததற்கு மாநிலம் முழுமைக்குமான நிர்வாக அமைப்பும் அதுவே. ஆடுபவனே நடுவனாகவும் இருப்பது என்று வடக்கத்தியர் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதில் வியப்பில்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரனான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை எங்கள் பகுதி பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு மூலை. அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று கரிசலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் பகுதிக்கு, எங்கோ இருக்கும் தலைநகர் தன்னைக் கணக்கில் வைத்திருக்கிறதா என்ற ஐயம் எப்போதும் உண்டு.

மூன்று லீகுகளின் வெற்றியாளர்கள் பருவ முடிவில் மோதிக்கொள்வதுதான் மாநிலப் பட்டம். 1967இல் ஹோபர்ட் லீகிலிருந்து வடக்கு ஹோபர்ட், வடமேற்கிலிருந்து வின்யார்டு இறுதிக்கு வந்தன. ஹோபர்ட்டுக்கு அது கொடிய ஆண்டு. அந்தப் பிப்ரவரி 7ஆம் நாள் தெற்கு டாஸ்மேனியாவில் ஒரே பகலில் பரவிய காட்டுத்தீயில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நகரத்தின் விளிம்புவரை தீ வந்தது. 'கறுப்புச் செவ்வாய்' என்று அதைச் சொல்கிறார்கள். ஏழே மாதம் கழித்து அந்நகரின் அணி சுமார் 300 கிலோமீட்டர் பயணம் செய்து பர்னிக்கு வந்தது. வின்யார்டுக்கோ பர்னி பக்கத்து ஊர்.

வின்யார்டு, இங்கிலிஸ் ஆற்றின் முகத்தில் உள்ள சிற்றூர். எரிமலைப் பாறை மக்கிய செம்மண்; உருளைக்கிழங்கும் பால்மாடும் விளையும் பூமி. பர்னி அப்போது காகித ஆலையின் ஊர். 1938இல் தொடங்கிய ஆலை 2010 வரை ஓடியது. வெஸ்ட் பார்க்கில் நின்றால் பாஸ் நீரிணையின் காற்று முகத்தில் அறையும். அந்தக் கடலுக்கு அப்பால்தான் மெல்போர்ன்.

அந்த மெல்போர்னைப் பற்றியும் சொல்லவேண்டும். தீவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை அது தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தது. 1966இல் செயின்ட் கில்டா அணி தன் முதலும் இன்றுவரை ஒரே ஒன்றுமான விக்டோரியப் பட்டத்தை வென்றபோது அதன் தலைவர் டேரல் பால்டாக், டெவன்போர்ட்டில் பிறந்தவர். அந்த அணியின் நட்சத்திரமான இயான் ஸ்டூவர்ட்டும் டாஸ்மேனியர். தீவின் மாபெரும் கோல்வேட்டைக்காரரான பீட்டர் ஹட்சன் அதே 1967இல்தான் ஹாதார்ன் அணிக்குப் போனார். 1971இல் ஒரே பருவத்தில் 150 கோல் அடித்து, 1934இல் பாப் பிராட் நிகழ்த்திய சாதனையைச் சமன் செய்தார். இப்படி வடிகட்டிய பிறகு எஞ்சியவர்களைக் கொண்டு ஆடப்பட்டவைதான் டாஸ்மேனியாவின் உள்ளூர் ஆட்டங்கள். எஞ்சியது என்பதால் அதன்மீதான பற்று குறைந்துவிடவில்லை. மாறாக, எங்கும் எடுத்துச் செல்லப்படாமல் தம்மிடமே விடப்பட்ட ஒன்று என்பதால் அது கூடியிருக்கவேண்டும்.

இங்கே ஒரு தற்செயல் சுவாரசியமானது. 1966இல் செயின்ட் கில்டா காலிங்வுட்டை வென்றது 74க்கு 73 என்ற கணக்கில். ஒரு புள்ளி. ஆட்டத்தின் இறுதித் தருணத்தில் பாரி பிரீன் உதைத்த, கோலாகாமல் போன, ஒரு பிஹைண்ட் பெற்றுத்தந்த ஒரு புள்ளி. தம் தீவின் பிள்ளை தலைமையேற்ற அந்த ஆட்டம் டாஸ்மேனியர் நினைவில் ஓராண்டில் மங்கியிருக்க முடியாது. பிசகிய உதைகூடப் பட்டத்தைத் தரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காலின்ஸ் கையில் பந்தோடு நின்றபோது, அவர் பிசகுவார் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்குப் போதவில்லை.

*

நடந்ததைச் சொல்லச் சில வரிகள் போதும். கூட்டம் உள்ளே வந்தது. கம்பங்கள் சாய்ந்தன. உதைக்க வேண்டியவர் கூட்டத்தின் நடுவே சிக்கினார். உதைத்தாலும் அது கோலா பிஹைண்டா என்று சொல்லவேண்டிய கோல் நடுவருக்கு, எதை வைத்துச் சொல்வது என்பதே இல்லை. ஆட்டத்தை முடித்துவைக்க இயலவில்லை. கடைசியில் அந்த ஆண்டின் மாநிலப் பட்டம் யாருக்கும் தரப்படவில்லை.

நான் திரும்பத் திரும்ப யோசித்தது அவர்கள் பிடுங்கியவை யாருடைய கம்பங்கள் என்பதைத்தான். காலின்ஸ் குறிவைத்து நின்ற கம்பங்கள், அந்தக் கால்பகுதியில் வின்யார்டு காத்துநின்ற கம்பங்கள். அதாவது அவர்கள் தம்முடைய இலக்கைத் தாமே பெயர்த்தார்கள்.

நம் சங்கப் பாடல்களில் காவல்மரம் என்று ஒன்று வருகிறது. ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு மரம். அதை வெட்டுவதே எதிரியின் குறிக்கோள். வெட்டிவிட்டால் போர் முடிந்தது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடம்பை வெட்டினான். நன்னனின் மாமரத்தைக் கோசர் வீழ்த்தினர். எங்களூருக்கு வடக்கே, மதுரையை அடுத்த திருமோகூர்தான் அன்றைய மோகூர் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே பழையன் காத்த வேம்பைச் செங்குட்டுவன் தறித்தான். இந்த மரங்களைப் பற்றி எண்ணும்போது ஒன்று தோன்றுகிறது. எந்த மன்னனும், எதிரி கோட்டைவாயிலுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்து, வெட்டப்படும் இழிவைத் தவிர்க்கத் தன் காவல்மரத்தைத் தானே வெட்டிக்கொண்டதாகப் பாடல் இல்லை. அப்படிச் செய்திருந்தால் புலவர்கள் அவனைப் பற்றி என்ன பாடியிருப்பார்கள்? தோற்றவனைப் பாட நம் மரபில் திணைகளும் துறைகளும் உண்டு. வெற்றியா தோல்வியா என்று தெரியாமலே ஆக்கிக்கொண்டவனுக்கு ஒரு துறை இல்லை.

கூட்டம் ஆட்டத்தை நிறுத்துவது நாம் அறியாததல்ல. 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். உலகக்கோப்பை அரையிறுதி. இலங்கையின் 251ஐத் துரத்திய இந்தியா 8 விக்கெட் இழப்புக்கு 120 என்று சரிந்தபோது, போத்தல்கள் பறந்தன, இருக்கைகளில் தீ எழுந்தது. ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் இலங்கை வென்றதாக அறிவித்தார். வினோத் காம்ப்ளி அழுதபடி வெளியேறிய காட்சியை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே கூட்டம் கொந்தளித்தது தோல்வி கண்முன் வந்துவிட்ட பிறகு. முடிவு அவர்களுக்குத் தெரியும்; தெரிந்ததைத் தாங்கமுடியவில்லை. பர்னியில் கொந்தளித்தவர்கள் முன்னிலையில் இருந்த பக்கத்தார். அவர்களால் தாங்கமுடியாதது தோல்வியல்ல. காலின்ஸ் நாலு அடி பின்வாங்கி, ஓடிவந்து, உதைத்து, பந்து காற்றில் போய்ச் சேரும்வரையிலான அந்தச் சில நொடிகளைத்தான்.

சென்னையில் 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் அந்தக் கைதட்டல் முடிவு வந்த பின்னர் எழுந்தது. அதற்கு முன், சச்சின் டெண்டுல்கர் 136இல் ஆட்டமிழந்து, கைவசம் விக்கெட்டுகளும் வெகு சில ரன்களும் மட்டுமே மிஞ்சிய நேரத்தில், கோட்டுக்கு வெளியே அப்படியே அமர்ந்திருந்தார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வின்யார்டு தன் முன்னிலையைக் காப்பாற்றிக்கொண்டது என்று கூறமுடியாது. காலின்ஸ் பிசகியிருக்கலாம். கடற்காற்று, கையில் ஓர் ஆண்டின் உழைப்பு, கால் கனத்துப்போகும் தருணம்: பிசகியவர்கள் இந்த ஆட்டத்தின் வரலாறு நெடுக உண்டு. பிசகியிருந்தால் பட்டம் வின்யார்டுக்கு, ஐயமே இல்லாமல். அந்த வாய்ப்பையும் சேர்த்தே அவர்கள் மைதானத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அணியின் ஆட்டக்காரர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். நான்கு கால்பகுதிகள் மோதி, ஒரு புள்ளி முன்னால் நின்று, கடைசி உதையை எதிர்கொள்ளத் தம் கம்பங்களுக்கு முன் நின்றிருந்தவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்று லீகுகளின் அந்தப் பழைய ஏற்பாடு பிறகு நீடிக்கவில்லை. 1986இல் மாநிலம் தழுவிய லீக் வந்தது. மறு ஆண்டு வடக்கு, வடமேற்கு லீகுகள் ஒன்றாய் இணைந்தன. 2023 மே மாதத்தில் தேசிய லீகின் 19ஆவது அணிக்கான உரிமம் டாஸ்மேனியாவுக்குக் கிடைத்தது. உடன் வந்த நிபந்தனை, ஹோபர்ட்டில் கூரையிட்ட புதிய அரங்கம். உடனே பழைய வழக்கு மறுபடி எழுந்தது: எல்லாம் ஏன் ஹோபர்ட்டுக்கே?

*

எங்கள் ஊர் ஆட்டத்தைச் சொல்வதாகக் கூறியிருந்தேன்.

கரிசல் மண்ணில் கபடி ஆடமுடியாது. காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். நனைந்தால் காலை விடாது. எனவே வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து, சலித்துக் கொட்டி, நீர் தெளித்துக் களம் அமைப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்புத் தூளால் கோடு. சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, குழல்விளக்குகள் தொங்கும். மின்னொளிக் கபடி என்று சுவரொட்டியில் போட்டிருப்பார்கள். விடியவிடிய நடக்கும். அந்த ஆண்டு இறுதிக்கு எங்களூரும் பக்கத்து ஊரும் வந்தன. வெல்பவர்க்கு ஒரு சுழற்கோப்பை. எனக்குப் பதினான்கு வயது.

விடிகாலை ஆகிவிட்டிருந்தது. எங்கள் அணி ஒரு புள்ளி முன்னால். கடைசிப் பாட்டு அவர்களுடையது. பாடி வந்தவர் ஒல்லியான ஆள். ஓர் ஓரமாக வந்து, எங்கள் ஆள் இருவரை ஒரே வீச்சில் தொட்டுவிட்டுத் திரும்பினார். நால்வர் சேர்ந்து அவரை அமுக்கினார்கள். மூச்சு விடாமல், புழுதிக்குள்ளிருந்து கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டினார். நடுவர் குனிந்தார். கயிறு அறுந்தது. எங்களூர்க்காரர்கள் அத்தனை பேரும் களத்துக்குள் இருந்தோம்.

நடுவர் நிமிர்ந்து பார்த்தபோது கோடே இல்லை. செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்து, வெளிறிய ரோஜா நிறத்தில் நூறு காலடிகள் மட்டும். பொழுது நன்றாகப் புலரும்வரை பெரியவர்கள் பேசினார்கள். கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை. அது கொடுத்தவர் வீட்டு அலமாரிக்கே திரும்பியது. ஆண்டுக்கொரு தகடு பொருத்தி ஊர்ப்பெயர் பொறிப்பார்கள்; அந்த ஆண்டின் தகட்டில் வருடம் மட்டும் இருந்தது.

கை கோட்டைத் தொட்டதா என்று பல வருடங்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் மிக அருகில் இருந்தவன். தொடவில்லை என்றே எல்லாரிடமும் சொன்னேன். நான் அப்போது அந்தக் கோட்டின்மேல் ஓடிக்கொண்டிருந்தேன்.